வாடிக்கடையில் ஏறிய செருப்பு

அத்தியாயம் 6

அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக அன்ரனிப்பிள்ளை ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. கோயில் மணி மூன்று தரம் அடித்து ஓய்ந்தது. அவர் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு பாண் துண்டைத் தேநீரில் நனைத்தபடி இருந்தார். நனைத்த துண்டு கோப்பைக்குள்ளேயே விழுந்து கரைந்தது. அதை எடுத்து வாயில் போடவும் மனமில்லை, கொட்டவும் மனமில்லை.

காய்ச்சலா, தடிமனா? ஒரு மண்ணும் இல்லை. வெட்கம்! வெளியே தலை காட்ட முடியாத வெட்கம்.

ஆளைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அன்ரனிப்பிள்ளை நீதிமன்றத்தில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கூண்டில் ஏறியவர்களின் பொய்யைத் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் மாற்றி மாற்றிச் சொல்லி, பொய்க்காரரின் முகம் தனக்கு அத்துப்படி என்று நம்பிக்கொண்டவர். ஓய்வு பெற்ற பிறகு தொலைந்த படகு எஞ்சின், கள்ளக் காணி உறுதி, காணாமல்போன மருமகன் என்று கற்பிட்டிக் கரையோரத்தில் பத்துப் பன்னிரண்டு விவகாரங்களைத் துப்புத் துலக்கியிருந்தார். ஊரார் ‘சேர், சேர்’ என்று கூப்பிடக் கூப்பிட நெஞ்சும் கொஞ்சம் நிமிர்ந்துதான் போயிருந்தது. நேற்று சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, அந்த நெஞ்சை அவரே உடைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஆலங்குடாவில் றோசமேரி வீட்டு விறாந்தையில் ஏழு பெண்கள் சேர்ந்து, கழித்துவிட்ட வலைநூலில் தோள்பை பின்னி விற்கிறார்கள். கடைக்குப் பெயர் ‘ஏழு கை’. இணையத்தில் கடை திறந்து ஒரு வருஷம் ஈ ஓட்டிக்கொண்டு இருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன் அந்த ஏழு பேரில் ஒருத்தியான டெனிஷா என்ற இருபத்திநான்கு வயதுப் பெண், அந்தக் கடையை ஃபேஸ்புக்கோடு இணைத்துவிட்டாள். அதன்பிறகு கடையில் ஒரு பையின் படத்தைப் போட்டால் போதும், அது தானாகவே ஃபேஸ்புக் பக்கத்திலும் ஏறிவிடும். படத்தைத் தொட்டவர் நேரே கடைக்குள் வந்து நிற்பார். சனிக்கிழமை தோறும் நேரலை வேறு. ஓடர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பாஸ்போட் எடுத்து வைத்திருந்த டெனிஷா, ஏஜன்சிக்காரனைக் கூப்பிட்டு, ‘நான் வரல்ல, இங்கயே எனக்குத் தொழில் இருக்கு’ என்று சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஃபேஸ்புக்கில் ‘வாடிக்கடை’ என்று இன்னொரு பக்கம் தலை காட்டியது. அதே படங்கள், அதே பைகள். செய்தி அனுப்பினால் பாதி விலைக்குத் தருவதாகப் பதில். அது யார் எவர் என்று ஒருவருக்கும் தெரியாது. வாங்க வந்தவர்கள் பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய, றோசமேரி ஓடி வந்து அன்ரனிப்பிள்ளையிடம் முறையிட்டாள்.

அவர் நான்கு நாள் ஆராய்ந்தார். ‘ஏழு கை’யில் படம் ஏறும் அதே நிமிஷத்தில் ‘வாடிக்கடை’யிலும் ஏறுகிறது. படம் எடுப்பவள் டெனிஷா, ஏற்றுபவளும் டெனிஷா. அப்படியானால் இரண்டும் ஒரே கை! முடிந்தது கதை. நேற்று எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு நிறுத்தி, நீதிமன்றத்துக் குரலில், ‘வீட்டுக்குள்ளேயே கள்ளி, இந்த டெனிஷா’ என்று விரலை நீட்டினார். டெனிஷாவின் முகம் சிவந்தது, வாய் குழறியது. ‘இதுதான் பொய்க்காரியின் முகம், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று வேறு சொன்னார். அந்தப் பெண் போனை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு அழுதுகொண்டே இறங்கிப் போனாள்.

அந்தப் போன் பால்மா ரின்னில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நேரலை ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதை நிறுத்தவில்லை.

பின்கதவை யாரோ தட்டினார்கள்.

“சேர், நான்தான் இப்ஹாம். பின்பக்கத்தால வந்தன். முன்கேட்டுல நின்டா ஆக்கள் செல்ஃபி எடுப்பாங்க.”

இப்ஹாம் புத்தளத்தில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். நாற்பது வயது. அன்ரனிப்பிள்ளையின் உதவியாளன், சாரதி, தேவைப்படாத நேரத்திலும் வாயை மூடாதவன்.

“போ இப்ஹாம். நான் இண்டைக்கு ஒருத்தரோடயும் கதைக்கிற நிலைமையில இல்ல.”

“நேத்து கதைச்சதே ஒரு வருஷத்துக்குக் காணும் சேர். கதவைத் தொறங்க.”

திறந்தார். இப்ஹாம் உள்ளே வந்து கோப்பையை எட்டிப் பார்த்தான். “இது தேத்தண்ணியா, கஞ்சியா?”

“எத்தனை பேர் பாத்திருக்கினம்?” என்று அன்ரனிப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“பதினோராயிரம். ஒங்கட கல்யாணத்துக்கு எத்தன பேர் வந்த?”

“எண்பது.”

“பாருங்களேன்!” என்றவன், அவருடைய முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தான். “சேர், ரெண்டு விஷயம் இரிக்கு. ரெண்டும் ஒங்களுக்கு நல்லமில்ல. நேத்துப் பின்னேரம் அஞ்சு மணிக்கு றோசமேரி அக்காவே ஒரு நீலப் பையைக் கடையில ஏத்தினவ. டெனிஷாட போன் அக்காட அலுமாரிக்குள்ள, பூட்டிக் கெடக்கு. அக்கா ஏத்தினது பழைய கடைப் போன்ல. அதே நிமிஷம் வாடிக்கடையிலயும் நீலப் பை.”

அன்ரனிப்பிள்ளை கதிரையில் உட்கார்ந்தார்.

“அப்ப அந்தப் பிள்ளை இல்ல.”

“இல்ல.”

“மற்றது என்ன?”

“டெனிஷா இண்டைக்கு ஒரு மணிக் கொழும்பு பஸ்ல போறா. நாளைக்கு ஏஜன்சியில கையெழுத்து. குவைத்துக்குத்தான். கள்ளி எண்ட பேரோட ஊர்ல இருக்க ஏலாது எண்டு தாய்க்கிட்ட சொல்லி அழுதாவாம்.”

மணி பத்தரை. ஒரு பெண்ணை நாடு கடத்தியாயிற்று! ஒரு விரலை நீட்டி, ஒரே ஒரு வசனத்தில்.

இப்ஹாம் தோளில் கிடந்த உரப்பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து மேசையில் வைத்தான். “என்ட வூட்டுக்காரி றைஸாட பேர்ல வாடிக்கடைக்கு ஓடர் போட்டமே, நேத்து வந்து சேந்திச்சி. கூரியர்க்காரன்ட்ட அனுப்பினது ஆரெண்டு கேட்டன். சொல்ல ஏலாதாம். அவன்ட வாயைத் தொறக்கிறத விட மட்டிச் சிப்பியைத் தொறக்கலாம்.”

பொதிக்குள் ஒரு தோள்பை. பச்சை வலைநூல். முடிச்சு ஒவ்வொன்றும் இறுக்கமாக, ஒழுங்காக இருந்தது. அன்ரனிப்பிள்ளை அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஏதோ ஒன்று உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை.

“வண்டியை எடு,” என்றார்.

“எங்க?”

“ஆலங்குடாவுக்கு. நேத்துச் சொன்ன அதே விறாந்தைக்கு.”

“தொப்பி ஒண்டு போடுங்க சேர். முகத்த மறைக்க.”

அவர் தொப்பி போடவில்லை. வழியெல்லாம் இப்ஹாமின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். கோயில் முடிந்து வருகிறவர்களின் கண்கள் வண்டிக்குள் பாய்ந்தன. ஒரு பையன் இன்னொருவனின் விலாவில் இடித்து, விரலை நீட்டி அவரைப்போலவே நடித்துக் காட்டினான். அதையும் பார்த்தார்.

*

விறாந்தையில் ஆறு பெண்களும் இருந்தார்கள். வலைநூல் குவியல் அப்படியே கிடந்தது. ஒருவரும் பின்னவில்லை. அன்ரனிப்பிள்ளை படியேறியபோது ஒருத்தியும் எழும்பவில்லை. போன கிழமை அவருக்குத் துடைத்துப் போட்ட கதிரை சுவரோரம் இருந்தது. அதை இழுத்துப் போட ஆள் இல்லை. அவர் நின்றபடியே இருந்தார்.

“இன்னும் ஆரையாவது கள்ளி எண்டு சொல்ல வந்தீங்களோ?” என்றாள் ஷானிகா, டெனிஷாவின் ஒன்றுவிட்ட அக்கா. அவளும் இந்த ஏழு பேரில் ஒருத்தி.

“இல்ல பிள்ளை. நான் பிழை விட்டுட்டன். டெனிஷா ஒண்டும் செய்யல்ல.”

“அதை எங்களுக்கா சொல்லுறீங்க? எங்களுக்கு நேத்தே தெரியும்.”

றோசமேரி மட்டும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு, “நானும் வாயை மூடிக்கொண்டுதானே நிண்டன்,” என்று முணுமுணுத்தாள். அவளுக்கும் அதே வெட்கம். அந்தக் கடை அவளுடையது. ‘போகாதே பிள்ளை’ என்று ஒரு சொல் அவள் சொல்லியிருக்கலாம்.

அன்ரனிப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதே நிமிஷத்தில ஏறுது எண்டதால ஒரே கை எண்டு சொன்னன். இப்ப யோசிச்சுப் பாக்கிறன். ஒரு மனிசன் படத்தைப் பாத்து, எடுத்து, தன்ட பக்கத்தில போடக் குறைஞ்சது ரெண்டு நிமிஷம் வேணும். ஒவ்வொரு தரமும் அதே நிமிஷத்தில போட மனிசனால ஏலாது. ஒரு சின்னப் பரீட்சை செய்து பாப்பம். பை இல்லாத ஏதாவது ஒரு சாமான், ஒருத்தனும் களவெடுக்க விரும்பாத சாமான் வேணும்.”

எல்லாரும் சுற்றும்முற்றும் பார்த்தார்கள். இப்ஹாம் குனிந்து இடது காலிலிருந்து செருப்பைக் கழற்றினான். குதி தேய்ந்து, வார் அறுந்து, மீன்பிடி நூலால் கட்டிய செருப்பு.

“இதுக்கு மேல ஒரு சாமான் இந்த மாவட்டத்தில கெடைக்காது,” என்றான்.

ஷானிகா மூக்கைப் பொத்திக்கொண்டு படமெடுத்தாள். கடையில் ஏற்றினாள். விலை ஆயிரத்து ஐந்நூறு என்று போட்டாள். இப்ஹாம் தன் போனில் வாடிக்கடையைத் திறந்து எல்லாருக்கும் நடுவில் பிடித்தான். ஆறு தலைகளும் ஒன்றாகக் கவிழ்ந்தன.

ஏறியது! வாடிக்கடையில், கடற்கரைப் படத்துக்குக் கீழே, நீலப் பைக்குப் பக்கத்தில், இப்ஹாமின் இடது கால் செருப்பு. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

“கள்ளன் எண்டா பாத்துத்தான் எடுப்பான்,” என்றான் இப்ஹாம். “பத்து வருஷமா இதோட ஜும்ஆத் தொழுகைக்குப் போறன். இந்தச் செருப்பை வாசல்ல கழட்டி வெச்சா, வச்ச எடத்திலயே இரிக்கும். ஒருத்தனும் தொட்டதில்ல.”

“அப்ப இதை ஆர் ஏத்தினது?” என்றாள் றோசமேரி.

“ஒருத்தரும் ஏத்தல்ல,” என்றார் அன்ரனிப்பிள்ளை. சொல்லும்போதே அவருடைய காது சூடாகியது. “கடையை இந்தக் கடைப் போன்ல இருந்த ஃபேஸ்புக் கணக்கோட இணைச்ச நாள், அந்தக் கணக்குக்குள்ள ஒரு பக்கம் இல்ல, ரெண்டு பக்கம் இருந்திருக்கு. ஒண்டு ஏழு கை. மற்றது வாடிக்கடை. இணைப்பு ரெண்டிலயும் விழுந்திருக்கு. நீங்க கடையில எதைப் போட்டாலும் ரெண்டு பக்கமும் தானாவே போகுது. படம் களவே போகல்ல.”

ஷானிகா கடைப் போனின் இணைப்பு இருக்கும் இடத்தைத் தட்டித் தட்டித் தேடிக் கண்டுபிடித்தாள். இரண்டு பெயர்கள். இரண்டுக்கும் சரி அடையாளம். களவே இல்லாத இடத்தில் கள்ளியைப் பிடித்த துப்பறிவாளர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போல இருந்தது.

கடைப் போன் சிணுங்கியது. இப்ஹாம் எட்டிப் பார்த்து, கண்ணை விரித்தான். “யா அல்லாஹ்! செருப்பு வேணுமெண்டு ஏழு கைக்கு ஒருத்தி எழுதியிருக்கா. மற்றக் கால் செருப்பும் இரிக்கா எண்டு.”

ஷானிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அன்ரனிப்பிள்ளையைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

“படம் சரி,” என்றாள் றோசமேரி. “ஆனா செய்தி அனுப்பின ஆக்களுக்குப் பதில் சொன்னது ஆர்? பை அனுப்பினது ஆர்? அதுவும் தானாப் போச்சுதோ?”

அதுதான் கேள்வி. அன்ரனிப்பிள்ளை பச்சைப் பையை அவளிடம் கொடுத்தார். அவள் முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள். “எங்கட முடிச்சுத்தான். இந்தக் கரையில பழகின கை.”

“கண்ணைப் பாருங்க.”

வலையின் ஒவ்வொரு துவாரத்துக்கும் கண் என்று பெயர். சில ஊர்களில் அளவுக்குப் பலகை வைத்துப் பின்னுவார்கள். இங்கே விரல்தான் பலகை. ‘ஏழு கை’யின் பைகள் எல்லாமே மூன்று விரல் கண். பின்னுகிறவள் தன் மூன்று விரலைச் சேர்த்து அதன்மேல் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவாள். ஆகவே மூன்று விரல் என்று எல்லாரும் சொன்னாலும், யாருடைய மூன்று விரல் என்பது பைக்குப் பை கொஞ்சம் மாறும்.

றோசமேரி தன் மூன்று விரலைக் கண்ணுக்குள் விட்டாள். தொளதொளவென்று நின்றது. ஷானிகா விட்டாள். இன்னும் தொளதொளப்பு. ஒருத்தி விட்டு மற்றவள் விட்டு, ஆறு பேரும் விட்டுப் பார்த்தார்கள். ஒருத்தியின் கையும் இறுகவில்லை.

“எங்க பாப்பம்,” என்று இப்ஹாம் தன் கையை நீட்டினான். கண் கிட்டத்தட்ட இறுகியது. கொஞ்சம் இடம் மிச்சம்.

“ஆம்பிளைக் கை,” என்றார் அன்ரனிப்பிள்ளை. “அதுவும் உன்ட கையை விடப் பெரிய கை. கயிறு இழுத்துக் காய்ச்சுப்போன கை.”

“ஆம்பிளையள் வலை பின்னுவாங்கதான். பை பின்னமாட்டாங்க,” என்றாள் ஷானிகா. “செத்தாலும் பின்னமாட்டாங்க.”

அன்ரனிப்பிள்ளைக்குக் குரல் சட்டென்று இறங்கியது. “றோசமேரி, இந்தக் கடைப் போன் முந்தி ஆரிட்ட இருந்தது?”

றோசமேரியின் கண் மெல்லத் திரும்பி, விறாந்தைக்கு உள்ளே, பூட்டிக் கிடந்த பின்னறைக் கதவில் போய் நின்றது.

*

போன வாரமாக இருந்தால் அன்ரனிப்பிள்ளை அந்தக் கதவை எல்லாருக்கும் முன்னால் படாரென்று திறந்திருப்பார். இன்று ஆறு பெண்களையும் விறாந்தையிலேயே இருக்கச் சொன்னார். தனியாகப் போய் மெதுவாகத் தட்டினார்.

“ஆர்?”

“நான்தான். அன்ரனிப்பிள்ளை. தனியத்தான் வந்திருக்கிறன்.”

தாழ்ப்பாள் விலக வெகுநேரம் எடுத்தது. உள்ளே றோசமேரியின் புருஷன் இன்னாசிப்பிள்ளை. ஒரு காலத்தில் இரண்டு படகுக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி, பத்துப் பேரை வைத்துக் கரைவலை இழுப்பித்த ஆள். வலை இழுக்கும் வின்ச் கம்பி அறுந்து முழங்காலில் அடித்து மூன்று வருஷம். இரண்டு படகும் வைத்தியத்துக்குப் போயிற்று. கால் மடங்காது. ஆள் வெளியே வருவதும் இல்லை. கட்டிலில் பச்சை நூல், வலை பின்னும் ஊசி, பாதி முடிந்த ஒரு பை. அதைத் தலையணையால் மூடப் பார்த்தார், முடியவில்லை.

“படகு வித்த வருஷம் கருவாடு விக்கலாம் எண்டு அந்தப் பக்கத்தைத் திறந்தன்,” என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை. “ஒரு படமும் போடல்ல. சும்மா கிடந்தது. என்ட கணக்கு இருந்த அந்தப் போனை இவளுக்குக் குடுத்திட்டு நான் வேற ஒண்டு வாங்கினன். ஒரு நாள் பாக்கிறன், என்ட பக்கத்தில பை பையா ஏறிக் கிடக்கு. ஆக்கள் கேட்டு எழுதுறாங்க. முதல்ல ஏதோ பேய் வேலை எண்டு நினைச்சன்.”

“பேந்து?”

“பேந்து பின்னினன். பெண்சாதி உழைச்சுத் திண்டுகொண்டு மூண்டு வருஷம் இந்தக் கட்டில்ல கிடக்கிறன் அண்ணே. எனக்கும் கை இருக்கு. விறாந்தையில போய்ப் பொம்பிளையளோட இருந்து பை பின்ன என்னால ஏலாது. என்ட சம்மாட்டிப் பேர் என்னாகும்? கூரியர்க்காரன் இவளிட பொதி எடுக்க வாற நேரம் என்ட பொதியையும் ஜன்னலால குடுத்து விட்டன்.” அவர் கையால் முகத்தைத் துடைத்தார். “கழிச்சுவிட்ட நூலுக்கு ஆர் இவ்வளவு விலை குடுப்பான் எண்டு நினைச்சுத்தான் பாதிக்குக் குடுத்தன். இவளிட வியாபாரத்தைக் கெடுக்கிறன் எண்டு சத்தியமா விளங்கல்ல.”

“நேத்து நான் கதைச்சது கேட்டதா?”

“ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அந்தப் பிள்ளை அழுததும் கேட்டது. எழும்பி வந்து தாழ்ப்பாளில கை வைச்சன். வைச்ச கை வைச்சபடி நிண்டன். திறக்கல்ல. ராவெல்லாம் அதுதான் நினைப்பு. மனிசனா நான்?”

அன்ரனிப்பிள்ளை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அவருக்கு இந்த மனிதன்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. கதவுக்கு உள்ளே ஒருவன், வெளியே ஒருவன், இருவருமாகச் சேர்ந்து ஒரு பெண்ணைத் தெருவில் இறக்கிவிட்டார்கள். இதில் யார் யாரைக் கோபிப்பது?

“என்ட பேரைச் சொல்லப் போறீங்களோ?” என்று இன்னாசிப்பிள்ளை கேட்டார். ஊரை அதட்டிய குரல், சின்னப்பிள்ளைக் குரலாகப் போயிருந்தது.

“நீங்க களவெடுக்கல்ல. பிறகு என்னத்துக்கு உங்கட பேர்? பேர் சொல்லி நேத்துப் பட்டது காணும்.”

கதவருகில் நிழல் விழுந்தது. றோசமேரி. எவ்வளவு நேரம் நின்றாளோ, கண் கலங்கியிருந்தது. உள்ளே வந்து, தலையணையை விலக்கி, பாதிப் பையை எடுத்து, கண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

“கண்ணைச் சின்னனாப் பிடியுங்க,” என்றாள். “இதுக்க தேசிக்காய் போட்டா ரோட்டெல்லாம் விழும்.”

இன்னாசிப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அன்ரனிப்பிள்ளை எழும்பி வெளியே வந்து மணியைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால்.

*

சந்திக்கு வந்து சேர்ந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஜன்னலோரம் டெனிஷா, மடியில் ஒரு கறுப்புப் பயணப்பை. அன்ரனிப்பிள்ளை மூச்சிரைக்க ஏறினார். முப்பது முகங்கள் திரும்பின. ஒருவன், “லைவ்காரர்!” என்றான். பின் ஆசனத்தில் சிரிப்பு.

அவளுக்கு முன்னால் போய் நின்றார். நேற்று நீட்டிய விரல் இன்று கம்பியைப் பிடித்திருந்தது.

“பிள்ளை, நான் பிழை விட்டுட்டன். படம் களவே போகல்ல. கடையை இணைச்ச கணக்கில பழைய பக்கம் ஒண்டு கிடந்திருக்கு, தானா ஏறியிருக்கு. நீ ஒண்டும் செய்யல்ல. என்னை மன்னிச்சுக்கொள்.”

டெனிஷா அவரைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண், ஆனால் இப்போது அதில் ஈரம் இல்லை.

“பஸ்ஸில முப்பது பேர் இருக்காங்க அங்கிள். நேத்து பதினோராயிரம் பேர் பாத்தாங்க. குவைத்தில இருக்கிற என்ட சித்தியும் பாத்தா. அவ வேலைக்குச் சேத்துவிட இருந்த வீட்டுக்கார மேடத்துக்குக் காட்டிட்டாவாம், களவெடுக்கிற பிள்ளை வேணுமா எண்டு கேட்டு. நான் இப்ப வேற வீடு தேடித்தான் போறன்.”

அன்ரனிப்பிள்ளை பஸ்ஸில் இருந்தவர்களைப் பார்த்து மறுபடி சொல்லத் திரும்பினார்.

“சொன்ன இடத்தில சொல்லுங்க,” என்றாள்.

அவளே எழும்பினாள். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். “தங்கச்சி, அஞ்சு நிமிஷம்தான்,” என்று கண்டக்டர் கத்தினான். இப்ஹாம் ஓடி வந்து கடைப் போனை நீட்டினான். அவள் வாங்கி, நான்கு தட்டுத் தட்டினாள். ‘ஏழு கை’ நேரலை. வேலை தெரிந்த கை.

“வெயிலுக்கு முகம் காட்டி நில்லுங்க. நிழல் விழுது.”

நின்றார். முகத்தில் வெயில் அறைந்தது. நாற்பது, நூற்றி இருபது, முந்நூறு என்று பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. சந்தியில் நின்ற கடைக்காரர்கள், மீன் பெட்டிக்காரன், பள்ளிவாசலால் வந்தவர்கள் எல்லாரும் வட்டமாகக் கூடிவிட்டார்கள். முப்பது வருஷம் மற்றவர்களின் வாக்குமூலத்தைக் கணீரென்று சொன்னவருக்கு, தன்னுடையதைச் சொல்லக் குரல் கிளம்பவில்லை.

“நான்... நேத்து இந்தப் பக்கத்தில ஒரு பிள்ளையைக் கள்ளி எண்டு சொன்னன். அது பொய். அந்தப் பிள்ளை களவெடுக்கல்ல. ஒருத்தரும் களவெடுக்கல்ல. நான் சரியா விளங்காமல், என்ட கெட்டித்தனத்தைக் காட்ட வெளிக்கிட்டு, ஒரு நேர்மையான பிள்ளையிட பேரைக் கெடுத்திட்டன். வெட்கமா இருக்கு. பூசைக்கும் போகல்ல. எல்லாரிட்டயும் மன்னிப்புக் கேக்கிறன்.”

திரையில் கேள்விகள் பறந்தன. டெனிஷா வாசித்தாள், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல். “அப்ப வாடிக்கடை ஆர் எண்டு கேக்கிறாங்க.”

“சொல்லமாட்டன்.”

“துப்பறியிற ஆள் பேர் சொல்லாமல் விடுறதோ எண்டு கேக்கிறாங்க.”

“விடுறன். அந்த ஆளும் பை பின்னித்தான் வித்தது, களவெடுத்து இல்ல. நேத்து நான் பேர் சொன்ன வடிவைப் பாத்தீங்கதானே?”

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். பஸ் ஹோன் அடித்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, “தங்கச்சி, வாறியா, இல்லையா?” என்றான். அன்ரனிப்பிள்ளை முடிந்தது என்று நினைத்துக் கைகூப்பினார்.

டெனிஷா போனை இறக்கவில்லை.

“அங்கிள், நேத்து என்ட பேரைச் சொல்லித்தான் கள்ளி எண்டீங்க. இண்டைக்கு அந்தப் பிள்ளை, ஒரு பிள்ளை, நேர்மையான பிள்ளை எண்டு சொல்லுறீங்க. அது எந்தப் பிள்ளை எண்டு இதைப் பாக்கிற ஆக்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவருக்குப் பொறி தட்டியது. கள்ளி என்றபோது கணீரென்று வந்த பெயர், மன்னிப்புக் கேட்கும்போது வாய்க்குள்ளேயே நின்றிருக்கிறது. அவருக்கே தெரியாமல்!

“முழுப் பேரோட சொல்லுங்க. முதல்ல இருந்து.”

பஸ் இன்னொரு தரம் ஹோன் அடித்து, நகர்ந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போனைப் பிடித்த கை அசையவும் இல்லை. அன்ரனிப்பிள்ளை புழுதிக்குள் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் சத்தியம் எடுப்பவனைப்போல வலது கையைத் தூக்கினார்.

“ஆலங்குடா, மேரி டெனிஷா பெர்னாண்டோ. களவெடுக்கல்ல. மேரி டெனிஷா பெர்னாண்டோ பொய் சொல்லல்ல. பொய் சொன்னது நான். என்ட பேர் சவரிமுத்து அன்ரனிப்பிள்ளை.”

அவள் எண்ணிக்கையைப் பார்த்தாள். பிறகு நேரலையை நிறுத்தி, போனைப் பையின் வெளிப்பக்கத்தில் செருகினாள். இப்ஹாம் வண்டியில் ஏறச் சொல்லிக் கை காட்டினான். அவள் ஏறவில்லை. பயணப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு றோசமேரி வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“இவ்வளவும் காணும் அங்கிள்,” என்றாள். “நான் அக்காட்டப் போறன், ஓடர் குவிஞ்சு கிடக்கும். ஆனா நான் வேலை செய்யிற நேரத்தில நீங்க அந்த வீட்டுப் பக்கம் வரவேணாம். எனக்கு உங்கட முகத்தைப் பாக்க ஏலாது.”

“ஓம் பிள்ளை,” என்றார் அன்ரனிப்பிள்ளை. சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஓம், டெனிஷா,” என்றார்.